உபதேசியார் வீட்டுச் சிரிப்பு

முழங்காலில் நின்று, கண்ணை மூடி, ஆண்டவரிடமே பொய் சொன்ன மடையன் நான். அதுவும் சத்தமாக. அதுவும் பக்கத்தில் பெரிய போதகரை வைத்துக்கொண்டு. அவர் காதில் விழ வேண்டும் என்றுதான் ஆண்டவரிடம் சொன்னேன் என்றால், என் மூளை எந்த லட்சணத்தில் இருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில், நான் ஆரம்பப் பள்ளியில் இருந்த சமயம். நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சின்னச் சபைக்கு அப்பா உபதேசியார். ஆலயத்தை ஒட்டிய ஓட்டு வீடு சபையுடையது. அப்பா உபதேசியாராக இருக்கும்வரை எங்களுடையது. சபையாரில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனி ஆட்கள். சனிக்கிழமை ராத்திரி மிஷின் ஓட்டிவிட்டு நேராக ஆராதனைக்கு வருவார்கள். தலையெல்லாம் பஞ்சு ஒட்டி, வாலிபப் பிள்ளைகள்கூட ஆபிரகாம், ஈசாக்கு மாதிரி நரைத்துத் தெரிவார்கள். அப்பா வேதபாடம் வாசித்து முடிப்பதற்குள் முற்பிதாக்கள் அத்தனை பேரும் தூங்கிவிடுவார்கள்.

தூங்குகிறவர்களுக்குப் பிரசங்கம் பண்ணிப் பண்ணியோ என்னவோ, அப்பாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் பெருமாநல்லூர்ப் பக்கம் வீடு சந்திக்கப் போனால், திரும்பும்போது சைக்கிள் மணியைத் தாளமாகத் தட்டிக் கீர்த்தனை பாடிக்கொண்டு வருவார். வேலித் திருப்பத்தில் பாட்டுக் கேட்டதுமே அம்மா தட்டை எடுத்து வைத்துவிடுவாள். அந்த வருஷம் பாட்டு நின்றுபோனது. சைக்கிள் ஊமையாக வந்து நிற்கும். அம்மா அவசர அவசரமாக அடுப்படிக்கு ஓடுவாள்.

அப்போதுதான், சுற்றுவட்டாரச் சபைகளுக்கெல்லாம் மேலாளான பெரிய போதகர் வந்து பிரசங்கம் பண்ணினார். ஊழியக்காரனுக்கு உள்ளே சந்தோஷம் ஊற வேண்டும், அது வற்றினவன் ஊழியம் செய்வது தண்ணியில்லாத கிணற்றில் வாளி விடுவது மாதிரி, கயிறுதான் தேயும் என்றார். சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். வெளியே வரும்போது, அடுத்த மாதம் வந்து ஒரு முடிவு பண்ணிக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னதும் என் காதில் விழுந்தது.

சிரிக்காத குற்றத்துக்காக அப்பாவை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள். வீடு போகும். கோழிகளை எங்கே அடைப்பது? அதையே நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைத் தப்பும் தவறுமாகச் சொன்னேன். முன்பும் அப்படித்தான் சொன்னேன் என்பது வேறு விஷயம்.

அப்பாவைச் சிரிக்கவைக்கும் ஊழியத்தை நானே ஏற்றுக்கொண்டேன். எங்கள் வாத்தியார் மாதிரி நடந்து காட்டினேன். யோனாவை விழுங்கின மீனாகப் போர்வைக்குள் புரண்டதில் தண்ணீர்க்குடம் கவிழ்ந்து, அம்மாவிடம் முதுகில் வாங்கினேன். அப்பா சிரிக்கவில்லை. "படிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்களா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை; அந்த மரியாதைதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

பெரிய போதகர் சொன்னபடி வந்தார். பொழுது சாய்ந்ததும் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பின் குடும்ப ஜெபம். எங்கள் வீட்டில் சின்னவனில் தொடங்கி ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். நேரில் சொல்லப் பிடிக்காததை ஆண்டவர் வழியாகச் சொல்லி அனுப்புவது அம்மாவின் பழக்கம். அடைகோழி முட்டையில் ஓட்டை போட்டுக் குடித்த பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும் என்று அவள் வேண்டினால், ஆண்டவருக்குப் புரியும் முன்பே எனக்குப் புரிந்துவிடும். அப்படி வேண்டும்போதே ஒரு கண்ணைப் பாதி திறந்து அடுப்பில் இருக்கும் பாலையும் என்னையும் பார்த்துக்கொள்வாள்.

அதே வழியில் நானும் ஒரு சேதி அனுப்பினேன். அப்பா வீட்டுக்குள்ளே எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருப்பதாகவும், வெளியாட்களைக் கண்டால் மட்டும் அடக்கிக்கொள்வதாகவும் ஆண்டவருக்குத் தெரிவித்தேன். குரல் மட்டும் பெரிய போதகர் பக்கம் திரும்பியிருந்தது. அவரிடமிருந்து ஒரு உம் கூட வரவில்லை. போதவில்லை போலிருக்கிறது என்று பதறி, இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்.

"போன வாரம் சாவு ஊட்டுக்குப் போயிட்டு வந்துங்கூட, உருண்டு உருண்டு சிரிச்சாருங்க ஆண்டவரே. ஆமென்."

போன வாரம் இறந்தவர் ஆலயத்து மணி அடிப்பவர். அப்பாவின் பிரசங்கத்தைத் தூங்காமல் கேட்ட ஒரே ஆள்.

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அடுத்தது அம்மாவின் முறை. அடுப்பில் பால் பொங்கித் தீயில் வழிகிற நாற்றம் வந்தது. அதற்கும் அவள் எழுந்திருக்கவில்லை. நான் தொலைந்தேன் என்று நினைத்தேன்.

கடைசியில் பெரிய போதகர்தான் தொண்டையைக் கனைத்தார்.

"ஆண்டவரே, இந்தப் பையன் சொன்னது பொய்யின்னு உமக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதை நிசமாக்கிப் போடும்."

அவ்வளவுதான் ஜெபம். நான் ஒரு கண்ணைத் திறந்தேன். அப்பா துண்டில் முகத்தைப் புதைத்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. துண்டுக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. என்ன சத்தம் என்று நிதானிப்பதற்குள், பயத்தில் கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

பிறகு இருவரும் வாசலில் நின்று பேசினார்கள். "இன்னொரு வருசம் இருந்து பாக்கறனுங்க" என்று அப்பா சொன்னது கேட்டது. என் ஜெபத்தால் அப்பாவின் வேலைக்கு ஒரு வருஷம் ஆயுசு கிடைத்தது என்று கோழிகளிடம் போய்ப் பெருமையடித்தேன். அவரை யாரும் நிறுத்த நினைக்கவே இல்லை. தன்னால் இனி ஆகாது, மைத்துனரோடு பனியன் கம்பெனிக்கே போய்விடுகிறேன், விட்டுவிடுங்கள் என்று அவர்தான் பெரிய போதகரிடம் கேட்டிருந்தார் என்பதெல்லாம் எனக்கு மீசை முளைத்த பிறகு தெரியவந்தது.

அந்த வருஷம் முடிந்தும் அவர் போகவில்லை. ஆனால் பாட்டு மறுநாளே வந்துவிடவில்லை. முதலில் வேலித் திருப்பத்தில் மணி மட்டும் தாளம் போட்டது. வாய் திறக்க ஐப்பசி மழை வர வேண்டியிருந்தது.

அப்பா காலமாகி வெகுநாள் கழித்து, அன்றைக்குத் துண்டுக்குள் அவர் சிரித்தாரா அழுதாரா என்று அம்மாவிடம் கேட்டேன். ஜெபத்தில் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கும் மகராசிக்குத் தெரியாமலா இருக்கும்?

அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"நான் அன்னைக்குக் கண்ணை மூடியிருந்தேன்டா."