ஆறுகாட்டுத்துறைக்கு ஒரு கால்

காலை ஐந்தரை மணிக்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் வேதாரண்யம் பேருந்தில் ஏறினேன். அயர்லாந்திலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உடம்பு இன்னும் அந்த ஊர் நேரத்திலேயே இருந்தது. மடியில் ஒரு நீளமான பை. கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல என்னம்மா?"

"கால்ங்க. செயற்கைக் கால்."

ஒரு கணம் என் கால்களைப் பார்த்துவிட்டு, லக்கேஜ் கட்டணம் கேட்காமல் நகர்ந்துவிட்டார்.

மருத்துவக் கருவி வடிவமைப்பிலும் நவீன உற்பத்தியிலும் முதுகலை படிக்கப் போனவள் நான். கடைசிப் பருவத்து ஆய்வுக்கு, முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்களுக்கான கால் ஒன்றைச் செய்தேன். தஞ்சாவூர் மருத்துவர் ஒருவர், வீரமணி என்ற மீனவரின் கால் அளவை அனுப்பிவைத்தார். அதன்படி கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிட்டெடுத்தது இது. பொருந்தாவிட்டால் ஆய்வை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு நேரமில்லை.

மன்னார்குடி வரை தூங்கினேன். வாய்க்கால்களில் தண்ணீர் ஓடியது; குறுவை நடவுக்குப் பெண்கள் வரப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். திருத்துறைப்பூண்டியில் ஒரு தேநீர், பத்து ரூபாய். வேதாரண்யம் நெருங்கியதும் பச்சை முடிந்து உப்பளம் தொடங்கியது. நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் தூரம். நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆறுகாட்டுத்துறை, இருபது ரூபாய்.

வீரமணி வாசலில் நாற்காலியில் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வலை இழுக்கும்போது விழுந்து, படகு இயந்திரத்தின் சுழல்விசிறியில் சிக்கி இடது கால் போனது. அவர் மனைவி தனலட்சுமி தண்ணீர் கொடுக்கும் சாக்கில் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, ஒரு உதவி பண்ணுங்க."

"நான் டாக்டர் இல்லக்கா."

"யாரா இருந்தாலும் சரிங்க. கால் சரியா வரலன்னு சொல்லிடுங்க. இது கிடைச்சா மறுபடி கடலுக்குப் போயிருவாரு. ஒரு காலோடயாவது வந்தாரே, அது போதும் எனக்கு."

தண்ணீரைக் குடித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அவர் கேட்டதைச் சொன்னால் என் ஆய்வும் போகும். அதற்காகத்தான் தயங்குகிறேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்தது.

காலைப் பொருத்தினேன். உள்ளே போடும் துணி உறையை மாற்றி, திருகைத் தளர்த்தி, மறுபடி இறுக்கினேன். வீரமணி சுவரைப் பிடித்து எழுந்தார். தெருமுனை வரை நடந்து திரும்பினார். கழற்றிப் பார்த்தேன். தோலில் புண் இல்லை. லேசான சிவப்பு, அதுவும் கொஞ்ச நேரத்தில் மறைந்தது. தனலட்சுமி கதவருகே நின்று என்னையே பார்த்தார்.

"பொருந்துதுண்ணே," என்றேன். தனலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆனா ஈரப் பலகையில இத சோதிக்கல. வழுக்கும். படகுல ஏறாதீங்க."

"படகுல ஏறணும்னு யாரு சொன்னா?" என்றார் வீரமணி. "கரையில மீன் ஏலம் கூற ஆள் கேட்டிருக்காங்க. குவியல் குவியலா நடந்து போய்க் கூறணும். நாற்காலியில உக்காந்து கூறினா எவன் மதிப்பான்?"

தனலட்சுமி வெளியே வந்தார். "இத ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"கடலுக்குப் போகலன்னு வாயால சொல்லிட்டா, அதோட முடிஞ்சு போயிடும்ல."

தனலட்சுமி கணவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு சலவைச் சட்டை எடுத்து வந்தார்.

பதினொரு மணிக்கு மேல் படகுகள் கரை சேர்ந்தன. அன்றே ஏலம் கூறிப் பார்க்க, நாற்காலியையும் எடுத்துக்கொண்டு மூவரும் கரைக்குப் போனோம். மணலில் கால் கொஞ்சம் புதைந்தது. வீரமணி ஒவ்வொரு அடியையும் தூக்கி வைத்தார். முதல் குவியலில் அவர் குரல் எழும்பவே இல்லை. வியாபாரிகள் வேறு பக்கம் பார்த்தார்கள். கூடையோடு வந்திருந்த பெண்கள் நடுவிலிருந்து தனலட்சுமி ஒரு விலை கேட்டார். வீரமணி நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த விலைக்கு ஊசிப்போன மீன்தான் கிடைக்கும். மேல கேளும்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர் மேலே கேட்டார். அதன்பின் வீரமணியின் குரல் அலைச் சத்தத்தைத் தாண்டிப் போனது.

முதல் நாள் என்பதால் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அதற்கும் மேலாகிவிட்டது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. தொடை நடுங்குவது தெரிந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போகக் கிளம்பினேன். தனலட்சுமி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னும் ரெண்டு குவியல்தாங்க. முடிச்சிட்டு உக்காரட்டும்."

நின்றுவிட்டேன். முடிந்ததும் வந்து உட்கார்ந்தார். காலைக் கழற்றினேன். சிவப்பு அதிகம், புண் இல்லை. நாளைக்கு எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருவருக்கும் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை. அயர்லாந்தில் இந்தக் காலைச் சோதனை இயந்திரத்தில் மாட்டி இரவு பகலாக நடக்கவிட்டோம். ஒரு விரிசல்கூட விடவில்லை. அந்த இயந்திரத்தின் அருகே நிற்கும்போது எவ்வளவு நேரம் தாங்கும் என்று யார் கேட்டாலும் உடனே சொல்வேன். இங்கே, அந்த இரண்டு குவியலும் முடியும்வரை, கையில் நாற்காலியோடு, அவர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று தெரியாமல்தான் நின்றிருந்தேன்.