சிவப்புக் கோடு போட்ட தாள்கள்

என் மனைவிக்குக் கண்களைத் தவிர வேறெதிலும் அக்கறை கிடையாது. கல்யாணமான புதிதில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில், ஐஸ் டப்பாவுக்குள்ளிருந்து ஆறு மாட்டுக் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். விழித்திரையை உரித்தெடுக்க இறைச்சிக்கூடத்தில் வாங்கிவந்தவை. "அதுங்க உங்களைப் பார்க்கல. பார்க்கிறது மூளை, அது அங்கேயே தங்கிடுச்சு" என்பாள். எனக்குப் பால் குடிக்கிற ஆசையே விட்டுப்போயிற்று.

நான் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். சோடாபுட்டிக் கண்ணாடி. அவளோ ஐம்பத்திரண்டு வயதிலும் ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோர்ப்பாள். அலமாரி உச்சியில் படிந்த தூசியை வாசலிலிருந்தே கண்டுபிடித்து என்னை ஒரு வாங்கு வாங்குவாள். கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வா என்றால், "எனக்குத் தெரியாத கண்ணா?" என்று சிரிப்பாள். இருபத்தாறு வருஷமாக விழித்திரையைக் கட்டிக்கொண்டு அழுகிறவளிடம் ஒரு சோடாபுட்டி என்ன வாதாடுவது?

மாட்டிலிருந்து மனுஷருக்கு வந்தபிறகு அவள் ஆராய்ந்த விஷயம் இதுதான். விழித்திரையில் ஓரிடம் வேலை செய்யாமல் போனால் அங்கே கறுப்பாகத் தெரிவதில்லை. சுற்றியிருப்பதைப் பார்த்து மூளையே அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறது. சுவரைப் பார்த்தால் சுவராலேயே அடைக்கும். ஆளுக்குச் சந்தேகமே வராது. இதை மேடை மேடையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினாள். முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டியிருக்கிறேன்.

அவள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம். வெளியாட்களைச் சோதிக்கும் முன், கருவி சரியா என்று பார்க்க அவளே உட்காருவாள். மோவாயைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். கடைசியில் எங்கே தெரிந்தது, எங்கே தெரியவில்லை என்று தாளில் அச்சாகி வரும்; தெரியாத இடம் கறுப்பாக இருக்கும். நாலு வருஷத்துக்கு முன்பு அவள் வலது கண்ணின் தாளில், மூக்கை ஒட்டிய பக்கம் நாலு புள்ளிகள் விட்டுப்போயிருந்தன. "மெஷின் கோளாறு" என்று சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டுத் தள்ளிவைத்தாள். கோளாறு மெஷினில் இல்லை. போய்க்கொண்டிருந்தது அவள் பார்வை.

கருவிகளைப் பழுதுபார்ப்பவரை அங்கே எல்லோரும் 'ஸ்க்ரூ' என்பார்கள். பாவம், விளக்கை மாற்றினார், திரையை மாற்றினார், கடைசியில் ஒயரைக்கூட மாற்றினார்.

"மத்தவங்க உட்கார்ந்தா சரியாத்தான் வருது மேடம்" என்றார்.

"அவங்க தெரியாததையும் தெரிஞ்ச மாதிரி அமுக்குவாங்க" என்றாள் இவள்.

போன மாதம் புதுக் கருவியே வந்தது. அதிலும் அதே பக்கம், முன்னைவிடப் பெரிதாக. அன்று சாயங்காலம் ஸ்க்ரூ நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, அவள் தள்ளிவைத்த பத்தொன்பது தாள்களையும் சாப்பாட்டு மேஜையில் தேதி வரிசையாகப் பரப்பினார். சிவப்புக் கோடுகளுக்கு அடியில் கறுப்பு, ஓதம் ஏறுவதுபோல வளர்ந்துகொண்டே போனது.

"விளக்கு மாறிடுச்சு, திரை மாறிடுச்சு, மெஷினே மாறிடுச்சு. மாறாதது நீங்க மட்டும்தான் மேடம்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே மேடம். நாலு தடவை."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கருகியிருக்கிறதாம். இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டதாம். போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பிறகு அந்தப் பத்தொன்பது தாள்களையும் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"கண்ணு போறதை இவ்வளவு ஒழுங்கா அளந்து வெச்ச பேஷன்ட்டை நான் பார்த்ததே இல்ல. முதல் தாளோட வந்திருந்தீங்கன்னா முக்கால்வாசி காப்பாத்தியிருக்கலாம்."

எனக்கு அவள்மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. என்னாலும் வற்புறுத்தி இழுத்து வந்திருக்க முடியுமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வெளியே நடைவழியில் அவள் நின்றாள். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எதிர்ச்சுவரை நேராகப் பார்த்தாள்.

"அந்தச் சுவர்கிட்ட போய் நில்லுங்க. இன்னும் கொஞ்சம் எனக்கு இடது பக்கமா... போதும்."

நின்றேன். "தெரியறேனா?"

"இல்ல."

"கறுப்பா இருக்கா?"

"சுவர்தான் இருக்கு" என்றாள். "முழுசா இருக்குங்க. நீங்க நிக்கிறதே அதுல இல்ல."