எலுமிச்சை மரத்துச் சண்டை

லோத்குண்டாவில், ராணுவ நிலத்தின் சுற்றுச்சுவரை ஒட்டிய வீட்டில் ஸ்டெல்லா தனியாக இருந்தாள். ரயில்வே பட்டறைக் கொல்லரின் மகள். கட்டிக்கொண்டவன் குடித்துவிட்டு அடிப்பான். ஒருநாள் பூரிக்கட்டையால் அவன் முன்பல்லைப் பெயர்த்தாள், போனவன் திரும்பவில்லை. அதிலிருந்து தெருவில் யாரும் அவளிடம் வாய் கொடுப்பதில்லை.

போன வருஷம் முதல் மழைக்குப் பிறகு, கொல்லை எலுமிச்சையில் ஒரு ஜோடி விசிறிவால் ஈப்பிடிப்பான்கள் கூடு கட்டின. சிலந்தி நூலால் இழைத்த சின்னக் கிண்ணம். வாலை விசிறிபோல் விரிப்பதும், கொம்பிலிருந்து எகிறி, பறக்கிற ஈயை அந்தரத்திலேயே கவ்வித் திரும்புவதுமாக நாள் முழுக்க வேட்டைதான். எலுமிச்சம்பழம் அளவு உடம்பை வைத்துக்கொண்டு காக்கையின் பின்மண்டையில் கொத்தி விரட்டும். துணி உலர்த்தப் போனால் ஸ்டெல்லாவின் தலையிலும் பாயும். அதற்காகவே அவளுக்கு அவற்றைப் பிடித்துப்போனது.

குஞ்சு பொரித்த வாரம், ஒருநாள் காலையில், செம்போத்து ஒன்று மரத்துக்குள் ஏறியது. ஈப்பிடிப்பான்கள் இரண்டும் கத்திக்கொண்டு அதன் கண்ணைக் குறிவைத்துப் பாய்ந்தன. அது அசரவில்லை. ஒரு குஞ்சை விழுங்கியது. அடுத்ததைக் கவ்வியபோது தாய் அதன் முகத்திலேயே போய் மோதியது. செம்போத்து அதைக் காலால் அமுக்கிக் கழுத்தைக் கிழித்துப் போட்டது. ஸ்டெல்லா துரட்டியோடு ஓடிவந்து வீசினாள். இறக்கை முறிந்த செம்போத்து புழுதியில் விழுந்து சுழன்றது. இன்னொரு அடியில் அடங்கியது.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் கிருஷ்ணபிரசாத், செம்போத்தைப் பார்த்துவிட்டுப் போனால் காரியம் ஜெயிக்கும் என்று நம்புகிறவர். மதிலுக்கு மேலாக எல்லாவற்றையும் பார்த்தவர், கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து துரட்டியைப் பிடுங்கினார். அவள் விடவில்லை. அவர் தள்ளியதில் துவைகல்லில் விழுந்து அவள் மணிக்கட்டு முறிந்தது. எழுந்த வேகத்தில் மறுகையால் அவர் முகத்தில் ஒரு குத்து விட்டாள். மூக்கில் ரத்தம் கொட்டியது.

"லட்சுமி பட்சிம்மா அது. கொன்னுட்டியே," என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

"அந்த லட்சுமி எனக்கு நக்கோ, வேணவே வேணாம். என் மரத்துல வந்து புள்ளையத் தின்னா அடிப்பேன். நீங்க வந்தாலும் அடிப்பேன்."

தெருக்காரர்கள் போலீசுக்குப் போகச் சொன்னார்கள். இருவருமே போகவில்லை.

மூன்றில் மிஞ்சியது ஒரு குஞ்சு. தகப்பன் பறவை தனியாகவே பூச்சி பிடித்து ஊட்டியது; காக்கைகளோடு மோதி வால் இறகு பாதியை இழந்தது. மாவுக்கட்டுக் கையோடு ஸ்டெல்லா கொல்லைப்படியில் கல்லைக் குவித்துக்கொண்டு காவல் இருந்தாள். கிருஷ்ணபிரசாத்தின் மனைவி பூர்ணா மதில் வழியாகச் சோறு நீட்டினாள். இவளும் வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு காலையில் குஞ்சு தத்தித் தத்திச் சுவரேறி, ராணுவ நிலத்துப் புதருக்குள் பறந்தது.

கிருஷ்ணபிரசாத் இன்றுவரை அவளிடம் பேசுவதில்லை. அவளும் பேசப் போகவில்லை.