ஈரத் தெருவில் போன பெண்

அமெரிக்காவில், இர்விங்கில் எங்கள் அபார்ட்மெண்ட்டில் யாராவது வீடு காலி செய்தால் குப்பைத் தொட்டி ஓரம் ஒரு சந்தையே கூடிவிடும். எங்கள் சோபா, மேஜை, என் கட்டில் எல்லாம் அப்படி வந்தவைதான். எனக்கு எட்டு வயதானபோது அப்பா அங்கிருந்து ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். குதிரை வண்டிக் காலத்து இங்கிலாந்துத் தெரு, பொழுது சாயும் நேரம். மழை நின்ற சாலையில் கடை வெளிச்சம் மஞ்சளாகக் கரைந்து கிடக்கும். நடுவில் ஒரு பெண், முதுகைக் காட்டியபடி தனியாகப் போய்க்கொண்டிருப்பாள். படத்தின் சட்டம் நல்ல மரம் என்பதுதான் அப்பாவின் ரசனை.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி பார்த்த உடனே சொல்லிவிட்டார். "விளக்கு வைக்கிற நேரத்துல பொம்பளை வெளிய போற மாதிரி படமெல்லாம் வீட்ல மாட்டாதீங்க. ரிட்டர்ன் பண்ணிடுங்க."

குப்பைத் தொட்டியிடம் எப்படி ரிட்டர்ன் பண்ணுவது என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "இருக்கட்டும்" என்று ஹாலில் தானே மாட்டினாள்.

அம்மா திருச்சியில் கல்லூரியில் பாடம் நடத்தியவள். இங்கே அவளுடைய விசாவில் வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க அப்பாவுக்கு நேரமில்லை. சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றிவிட்டு அந்தப் படத்தின் முன்னால் நிற்பாள். நான் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள்.

எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பெண் தனியாகப் போவதுதான் கோளாறு, கூட ஒரு பிள்ளை இருந்தால் வீட்டுக்குத் திரும்பித்தானே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை நாற்காலியில் ஏறி, அவள் பக்கத்தில் மார்க்கரால் ஒரு சிறுமியை வரைந்தேன். இரட்டைப் பின்னல், என்னுடையது போலவே சிவப்பு கவுன். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்படி வரைந்தேன்.

அம்மா திட்டவில்லை. நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்து மெல்லத் துடைத்தாள். சிறுமியோடு சேர்ந்து அந்தப் பெண்ணின் ஒரு கையும் அழிந்துபோனது. அதைப் பார்த்து அம்மா விசும்பி விசும்பி அழுதாள்.

"அவ பாட்டுக்குப் போகட்டும் கண்ணு."

"ஐ கேன் டிரா இட் பெட்டர்மா" என்றேன்.

மூன்று வாரம் கழித்து அம்மா ஊருக்குக் கிளம்பினாள். ஒரு மாதம்தான் என்றார்கள். அப்பா அவளை ஏர்போர்ட்டுக்கு அழைத்துக்கொண்டு போனபோது விளக்கு வைக்கும் நேரம். ஆன்ட்டி வந்து என்னைக் கூட்டிப்போகும்வரை இருட்டிக்கொண்டு வந்த ஹாலில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

அம்மா வரவில்லை. வக்கீலின் காகிதங்கள்தான் வந்தன. அப்பா படத்தைக் கழற்றிக் குப்பைத் தொட்டிக்கே ரிட்டர்ன் பண்ணினார்.

நான் மட்டும் அந்த வருஷம் முழுக்க இரட்டைப் பின்னல் சிறுமியை நோட்டு நோட்டாக வரைந்து பழகினேன். சரியாக வரையாததால்தான் அம்மா அவளை அழித்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.