அம்மாவுக்கு வந்த சூப்

கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒரு கொரியக் குடும்பத்தின் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது எனக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் மேல்வீட்டு அன்ரியின் குசினியை வேடிக்கை பார்ப்பதுதான் என் வேலை. நாங்கள் துணி வெட்டும் கத்தரிக்கோலால் அவர் இறைச்சி வெட்டுவார். ஒரே சட்டிக்குள் வீட்டார் எல்லோரும் தங்கள் கரண்டியை விட்டு அள்ளுவார்கள். எச்சில் பார்க்கிற அம்மாவிடம் இதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மேலே போக விடமாட்டார்.

தம்பி பிறந்து அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள், அன்ரி கிண்ணம் நிறையச் சூப் தந்து, அம்மாவுக்கு என்று ஆங்கிலத்தில் சொன்னார். பச்சையாக, வழுவழுவென்று ஏதோ இலை அதில் மிதந்தது. கீழே கொண்டுவந்ததும் அம்மா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"உது சாதாளையெல்லோ பிள்ளை. கடற்கரையில ஒதுங்கிக் கிடக்கிற பாசியை ஆரும் குடிப்பினமோ? வேண்டாமெண்டால் அந்த மனிசிக்கு மனம் நோகும். ஊத்திப்போட்டுக் கிண்ணத்தைக் குடுத்திட்டு வா."

ஊற்றுவதற்கு முன் ஒரு வாய் ருசி பார்த்தேன். பிறகு ஊற்ற மனம் வரவில்லை. வெறும் கிண்ணத்தைக் கண்ட அன்ரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. மறுநாள் இன்னும் பெரிய கிண்ணம் வந்தது. அதையும் படிக்கட்டிலேயே இருந்து குடித்து முடித்தேன். இப்படியே ஒரு கிழமை போனது.

கீழே நிலைமை வேறு. அம்மாவுக்குப் பால் போதவில்லை. தம்பி பசியில் வீரிட்டு அழுவான். பத்தியக்கறி வைத்துக் கொடுக்க இங்கே அம்மாவுக்கு ஒருவரும் இல்லை. அப்பா பால் சுரக்கவென்று பால்சுறா மீன் தேடிக் கடை கடையாக அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

எட்டாம் நாள், அழுகை மேலே கேட்டிருக்க வேண்டும், அன்ரியே இறங்கி வந்தார். வாடிப்போயிருந்த அம்மாவைப் பார்த்தார். உப்பியிருந்த என் கன்னத்தையும் பார்த்தார். மேலே போய் இரண்டு கிண்ணங்களோடு திரும்பினார். சின்னதை என்னிடம் தந்தார். பெரியதை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, தம்பியை மடியில் வாங்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் அமர்ந்துவிட்டார்.

"பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறா, என்னெண்டு குடியாமல் விடுறது" என்று முணுமுணுத்தபடி அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்தார். இரண்டாவதும் வைத்தார். மூன்றாவதில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அன்ரி அம்மாவின் முதுகைத் தடவிவிட்டார்.

கொரியாவில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்தியம் அது என்று எனக்குத் தெரியவர இருபது வருடம் ஆனது. தம்பிக்குச் சேரவேண்டியதை ஒரு கிழமையாக நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அன்று எனக்குத் தெரிந்தது அம்மா அழுகிறார் என்பது மட்டும்தான். அம்மாவுக்குச் சாதாளை கசக்கிறதாக்கும் என்று நினைத்து, சீனிப்போத்தலை எடுத்துவர ஓடினேன்.