பூமாரியின் வண்டி இறக்கம்

எண்ணெய் டின்னைத் தூக்கிப் பார்க்கும் வழக்கம் பூமாரிக்கு இல்லை. குனிந்து விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். காதைச் சற்றே சாய்ப்பாள். "இது கழுத்து வரைக்கும் இல்ல அண்ணாச்சி, எங்கயோ ஒழுகியிருக்கு" என்பாள். ஆரியசாலை மளிகை மொத்தக் கடையில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் முதலில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது வீட்டுக்கு வாங்கும் பலாச் சக்கையையும் அவளிடமே நீட்டுகிறார்கள். காலி டிரம், கடை ஷட்டர், பஸ்ஸில் முன் சீட்டின் முதுகு என்று எது எதிரே இருந்தாலும் அவள் விரல்கள் சும்மா இருப்பதில்லை.

நாற்பதைத் தாண்டிய, மெலிந்து உயர்ந்த பெண். வற்றல் மிளகாய் எரிச்சலுக்காகச் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருப்பாள். வாயில் ஒரு கிராம்பு எப்போதும் உண்டு. தான் பேசும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். அடுத்தவர் பேசினால் கண் எடுக்க மாட்டாள்.

கடை முதலாளி தாணுமாலையனுக்கு அவளைக் கேலி செய்யப் புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது.

"ஏட்டி, நீ பெரிய ராக் ஸ்டாராமே. எம் மருமவ போன்ல காட்டுதா. கிட்டார்க்காரன் பக்கத்துல ஒட்டடக்கம்பு மாதிரி நிக்கது நீதானா?"

"நான்தான். சீரகம் இப்ப இறக்கணுமா, சாப்பிட்டுட்டு இறக்கணுமா?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் இந்த ஊரில் 'மஞ்சணத்தி' என்றொரு குழு இருந்தது. நாட்டுப்பாட்டை ராக்கோடு சேர்த்து வாசித்தவர்கள். கிட்டாருக்கு பினு, பாட்டுக்கு விழிஞ்ஞத்து ஜெஸ்லின், வயலினுக்குக் கோட்டை அக்ரஹாரத்து ஸ்ரீகண்டன், தப்புக்குப் பூமாரி. அவள் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே அம்மன் கொடைக்கு அடிக்க ஆண்கள் போதாத ஒரு வருஷம், கேட்காமலே தப்பை எடுத்து மாட்டிக்கொண்டவள். ஸ்பீக்கர் கட்டும் வேலைக்கு மலை ஏறிய பினு அதைக் கேட்டுவிட்டு, "கீழ வா, நமக்கொரு பேண்டு தொடங்கலாம்" என்றான்.

"பேண்டுன்னா கல்யாணத்துக்கு ஊதுற செட்டுன்னுல்லா நெனச்சேன். தொப்பி தருவாங்கன்னு ரொம்ப நாள் பாத்தேன்" என்பாள்.

ஒன்றரை வருஷம்கூட ஓடவில்லை. கல்லூரி விழாக்கள், ஒரு வாசகசாலை ஆண்டுவிழா, கடலோரத்து மாதா கோயில் திருநாள். ஸ்ரீகண்டன் வேலை கிடைத்துப் பெங்களூர் போனான். ஜெஸ்லின் கல்யாணமாகித் துபாய் போனாள். யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை. மழை தூறிய ஒரு மாலையில் யாரோ மொபைலில் பிடித்த ஒரே ஒரு பாட்டு மிச்சம்.

அந்த வீடியோவில் பாட்டின் நடுவே தப்பு நின்றுபோகிறது. கிட்டார் மட்டும் ஒற்றைக் கம்பியில் தடுமாறித் தடுமாறி நடக்கிறது. கடைசியில் தப்பு இடிபோலத் திரும்பி வந்து பாட்டை முடித்துவைக்கிறது. இன்று நகரத்தில் எந்தக் கல்லூரிப் பிள்ளைகள் மேடை ஏறினாலும் அந்தப் பாட்டு உண்டு. அந்த நிறுத்தமும் உண்டு. அவர்கள் சொந்தமாகப் போடும் பாட்டுக்குள்ளும் அது புகுந்துவிட்டது. 'மஞ்சணத்தி கேப்' என்று அதற்குப் பேர். அந்த நேரத்தில் கூட்டம் வாய் பேசாமல் மொபைல் விளக்குகளைத் தூக்கிப் பிடிக்கும். தோட்டத் தொழிலாளியின் சொல்ல முடியாத துக்கம் அதில் அடங்கியிருப்பதாக ஒருவர் யூடியூபில் விளக்கினார். பூமாரி அதை முழுதாகக் கேட்டாள். நல்லாத்தான் பேசுகிறார் என்றாள்.

நடந்தது வேறு. தூறலில் தப்பின் தோல் தொய்ந்து, ஈரத் துணியை அடிப்பது போலச் சத்தம் வந்தது. தோலைக் காய்ச்சி இறுக்கப் பூமாரி மேடையின் பின்பக்கம் குதித்துத் தெருவோரத் தட்டுக்கடை அடுப்புக்கு ஓடினாள்.

"அடுப்புல ஆம்லெட்டு கெடந்துச்சு. மாஸ்டர், 'கொறச்சு நில்லு, இது ஆவட்டும்'ங்காரு. அங்க பாட்டு ஓடுது, இங்க ஆம்லெட்டு வேவுது. நான் என்ன செய்ய?"

இதைச் சொல்லிச் சிரிப்பவள் அடுத்ததைச் சொல்லும்போது சிரிப்பதில்லை. அந்த இடம் மௌனத்துக்கென்று வைத்ததல்ல, அவளுக்கென்று வைத்தது. மற்ற மூவரும் கையை எடுத்துவிட, தப்பு மட்டும் தனியே பேச வேண்டிய இடம். கொழுந்து லாரியின் பின்னால் உட்கார்ந்து மலை இறங்கும்போது அவளாகக் கட்டிய அடி அது. 'வண்டி இறக்கம்' என்று பேர் வைத்திருந்தாள். "ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வெட்டு. பிரேக்கு கரகரக்கும்லா, அதுக்குச் சின்னக் குச்சியால ஒரு இழுப்பு. கீழ வந்தா ரோடு நேரா கெடக்கும். அங்க விட்டுரணும், ஒண்ணும் பிடிக்கக் கூடாது." மற்ற மேடைகளில் எல்லாம் அடித்திருக்கிறாள். அப்போது யாரும் மொபைலைத் தூக்கவில்லை. பினுவின் கிட்டாரையும் ஜெஸ்லினின் குரலையும் இன்று ஊரே பழகிக்கொண்டிருக்கிறது. வண்டி இறக்கம் மட்டும் ஒருவர் காதிலும் இல்லை. பினுவுக்கே பாதிதான் நினைவிருக்கிறது.

இந்த வருஷம் கடற்கரை விழா ஒன்றுக்குப் பழைய குழுவை ஒரே ஒரு பாட்டுக்கு அழைத்தார்கள். பினுவும் பூமாரியும் வந்தார்கள். மற்ற இரண்டு பேருக்குப் பதில் கல்லூரிப் பிள்ளைகள். ஏற்பாடெல்லாம் ஜானவி. கோட்டைக்குள் வளர்ந்தவள், வயலின்காரி. அந்த இடத்தில் தான் அடிக்கப் போவதாகப் பூமாரி ஒத்திகையில் சொன்னதும் ஜானவிக்கு முகம் வாடிப்போயிற்று.

"அக்கா, அந்த கேப்புக்குன்னே பாதிப் பேர் வரா. அது இல்லேன்னா ஒத்துக்கவே மாட்டா."

"அது கேப்பு இல்ல மோளே, ஆம்லெட்டு."

ஜானவி சிரித்தாள். நம்பவில்லை. பினுவைப் பார்த்தாள்.

"சத்தியமாணு" என்றான் பினு, கிட்டார்க் கம்பியைத் துடைத்தபடி. இத்தனை வருஷம் அதை யாரிடமும் திருத்திச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அந்த ஒற்றைக் கம்பித் தடுமாற்றத்துக்காகத்தான் இன்றும் அவனைப் பயிற்சி வகுப்புகளுக்குக் கூப்பிடுகிறார்கள். "ஆனாலும், பிள்ளேர் ஆசப்பட்டதல்லே பூமாரி. அவங்க கேட்ட மாதிரியே விட்டா போதும், அது மதி."

"ஒனக்கு மதி. எனக்கு?"

ஒத்திகை அப்படியே கலைந்தது.

விழா அன்று மாலை ஈரக்காற்று. தப்பு தொய்ந்திருந்தது. மேடைக்குப் பின்னால் நெருப்புப் போடக் கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டார். ஜானவி எங்கோ ஓடி ஒரு ஹேர் டிரையரோடு வந்தாள்.

"மண்ட காயவைக்கதுல்லா இது" என்று வாங்கிய பூமாரி, விளிம்பிலிருந்து நடுவுக்கு வட்டம் வட்டமாகத் தோலுக்குச் சூடு காட்டினாள். தட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். "கொள்ளாம்."

"என்ன தீர்மானிச்சேள் அக்கா?"

"அந்த எடத்துல என்ன இருந்துச்சுன்னு ஒனக்குக் கேக்கத் தோணலியா?"

ஜானவி ஹேர் டிரையரின் ஒயரைச் சுற்றிக்கொண்டே நின்றாள். "தோணறது" என்றாள். "ஆனா கூட்டம்…"

அதற்குள் மேடையில் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. முன்வரிசையில் தொடங்கி மணல் முடியும் வரை மொபைல் விளக்குகள் எழுந்தன. பேச்சு அடங்கியது. வயலினைத் தாழ்த்திக்கொண்ட ஜானவி கூட்டத்தைப் பார்க்கவில்லை, பூமாரியைப் பார்த்தாள். பினுவின் விரல் பழக்கத்தில் ஒற்றைக் கம்பியைத் தொட்டு இரண்டு முறை தடுமாறியது. மூன்றாவது வரவில்லை. அவன் உள்ளங்கையைக் கம்பிகள் மேல் அழுத்தி வைத்துவிட்டான். அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

பூமாரி இரண்டு குச்சிகளையும் ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். கிட்டாரைப் பார்த்து நின்றிருந்த மைக்கின் கழுத்தைப் பிடித்துத் தன் தப்பின் பக்கம் திருப்பினாள்.