வெள்ளிக்கிழமை விளக்கு

ஒஸ்லோவுக்கு வெளியே, எங்கடை சின்ன ஊரிலை, தீயணைப்புப் படைக்கு நான் பகுதிநேர ஆள். இடுப்பிலை கிடக்கிற கருவி அலறினால் செய்யிற வேலையை விட்டிட்டு ஓடவேணும். மற்ற நேரம் பாலர் பள்ளியிலை வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை காலமை, எரிஞ்ச வீட்டுக்குள்ளையிருந்து ஒரு கிழவரைத் தூக்கிக்கொண்டு வந்தம். உயிர் இல்லை. நகரத்திலையிருந்து வந்த முழுநேரக்காரர் தங்கடை நிலையத்துக்குத் திரும்பி, கோப்பி குடிச்சு, ஒண்டாய் இருந்து கதைச்சு ஆறுவினம். எங்களுக்கு, "கதைக்க வேணுமெண்டால் சொல்லுங்கோ" எண்டு ஒரு குறுஞ்செய்தி. ஆர் சொல்லுறது? நான் குளிச்சிட்டுப் பாலர் பள்ளிக்குப் போய், பிள்ளையளுக்கு அப்பிள் வெட்டிக் குடுத்தன். மனசிலை ஒண்டுமே ஓடேல்லை.

பின்னேரம் மனிசி குசினியிலை நிண்டு, "சாமிக்கு விளக்கைக் கொளுத்துங்கோவன்" எண்டாள். நெருப்புப்பெட்டியை எடுத்தன். பிறகு வைச்சிட்டன்.

"நீரே கொளுத்தும்."

செத்தவீட்டுக்குப் போய் வந்தவை அண்டைக்கு எங்கடை வீட்டிலை விளக்குத் தொடுறேல்லை. அவள் அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வந்து என்ரை முகத்தைப் பாத்தாள்.

"ஆர் செத்தது?"

அண்டைக்கு முழுக்க அப்பிடிக் கேட்டது அவள் ஒருத்திதான்.

"பேர் தெரியாது," எண்டன். "தூக்கேக்கை பாரமே இல்லை."